வெள்ளைத் தட்டு மறையும் ஆழம்

மாதம் ஒருமுறை ஸ்டெய்ன்வோர்
படகை ஏரியின் நடுவில் நிறுத்துகிறாள்.
கயிற்றில் கட்டிய வெள்ளைத் தட்டைத்
தண்ணீருக்குள் இறக்குகிறாள்.
கண்ணை விட்டு அது நழுவும் இடத்தில்
முடிச்சுகளை எண்ணி எழுதிக்கொள்கிறாள்.
ஆழம் பார்ப்பதற்குத்தான் சம்பளம்.

லாகர்ஃப்ளியோத்.
ஐஸ்லாந்தின் கிழக்கே நீளமாய்ப் படுத்திருக்கிறது.
பனியாறு பாறையை மாவாய் அரைத்து அனுப்ப
என்றைக்குமே கலங்கல்தான்,
பாலில் சாம்பல் விழுந்த மாதிரி.
ஒன்றும் தெரியாத தண்ணீரில்தானே
எதுவும் இருக்க முடியும்.

முன்னொரு காலத்தில் ஒருத்திக்கு
ஒரு பொன்மோதிரம் கிடைத்ததாம்.
புழுவுக்கு அடியில் வைத்தால் பொன் வளரும்
என்று யாரோ சொல்ல, பெட்டியில் வைத்து மூடினாள்.
சில நாளில் பலகை விரிசல் விட்டது.
வளர்ந்திருந்தது புழு.
பொன் வளர்ந்ததா என்று பார்க்க அவள் நிற்கவில்லை.
பெட்டியோடு ஏரியில் எறிந்தாள்.

நஞ்சு துப்பியதாம். ஆடு, ஆள், எதையும் விடவில்லையாம்.
வெளிதேசத்து மந்திரக்காரர் இருவர்
பொன்னை எடுக்க இறங்கினார்கள்.
(புழுவுக்காக யார் வருவார்கள்?)
கொல்ல முடியவில்லை.
தலையை ஓரிடத்தில், வாலை ஓரிடத்தில்
ஏரித்தரையோடு கட்டிவிட்டுக்
கரையேறிச் சொன்னது இது:
பொன்னுக்கு அடியில் இன்னொரு புழு இருக்கிறது.
அது இதைவிடப் பொல்லாதது.

கட்டிய உடம்பின் நடுப்பகுதி மட்டும்
எப்போதாவது மேலே வளையும்.
பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.
ஸ்டெய்ன்வோர் பார்த்ததில்லை.

மேட்டில் அணை வந்தது.
பக்கத்து ஆற்றை மடக்கி
மலையைக் குடைந்து
இந்த ஏரிக்குள் திருப்பினார்கள்.
கடலோரத்து அலுமினிய உலைக்கு மின்சாரம்.
பாலில் சாம்பல் போய்
சாம்பலில் பால் ஆயிற்று.
குட்டையைக் குழப்பினால் மீனாவது கிடைக்கும் என்பார்கள்.
மீனவர்கள் வலையைச் சுருட்டிவைத்தார்கள்.
முடிச்சுகள் குறைந்தன.
அவள் எழுதினாள். யாரோ கோப்பில் வைத்தார்கள்.

அக்டோபரில் தோர்கில்ஸ் தொலைபேசியில் அழைத்தான்,
மேற்குக் கரையில் வைக்கோல் நிலம் வைத்திருப்பவன்.
"வா. முதுகு தெரிகிறது."

தெரிந்தது.
பழுப்பாய், நீளமாய், மெல்ல நகர்ந்தபடி
பத்துப் பன்னிரண்டு முட்களோடு ஒரு முதுகு.
பத்திரிகைக்காரர் ஒருவர் காரிலிருந்து இறங்கி
மூச்சுவிடாமல் படம் எடுத்தார்.

அவள் படகை அருகே செலுத்தினாள்.
முதுகில் புல் இருந்தது, இன்னும் பச்சையாக.
முட்கள் வேலிக்கால்கள்.
கால் விட்டுக் கால் கம்பி ஓடியது,
ஒரு முனை கரையோடு, மறு முனை நீருக்குள்.

திரும்பி வந்தவளிடம்
தோர்கில்ஸ் குரலைத் தாழ்த்திச் சொன்னான்:
"என் நிலம்தான். தெரியும் எனக்கு.
மூன்று வருடமாய்க் கரை சரிகிறது.
பதினொரு கடிதம் போட்டேன்.
நிலம் போகிறது என்றால் நாய்கூடத் திரும்பாது.
புழு என்றேன். ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார்கள் பார்."

பத்திரிகைக்காரர் காரின் மூக்கில் சாய்ந்து
ரொட்டியைப் பிரித்துச் சாப்பிட்டார்.
சுற்றியிருந்த வெள்ளித்தாள் காற்றில் உருண்டு
அவள் காலடிக்கு வந்தது.
எடுத்து விரலைச் சுற்றி முறுக்கினாள்.
பொன்னாவது கனக்கும்.

நவம்பர். கரையோரம் மெல்லிய பனித்தகடு.
தட்டை இறக்கினாள்.
ஒரு முடிச்சு.
இரண்டாவது கைக்கு வருமுன்
வெள்ளை இல்லை.
கயிறு மட்டும் நேராய்க் கீழே போனது,
எதையோ கட்டிவைத்திருப்பது போல.

எண்ணை எழுதினாள்.
பக்கத்தில் 'குறிப்பு' என்றொரு கட்டம்,
இத்தனை வருடமும் காலியாய்க் கிடந்தது.
பென்சிலை நாக்கில் தொட்டு
இந்த மாதமும் தென்படவில்லை
என்று எழுதினாள்.

எது என்று
அலுவலகத்திலிருந்து
இதுவரை யாரும் கேட்கவில்லை.